எழுத்தறியாது எழுத்தறிவித்த ஏந்தல் அய்யன்காளி

கல்விச் சங்கமொன்று தன் வெள்ளி விழாவைக் கொண்டாடுங்கால், கற்றுத் துறைபோகிய சான்றோரை நினைவுகூர்தல் மரபு. நாமோ ஈண்டு, ஒரு நாளேனும் பள்ளியில் அமர்ந்து பயிலும் வாய்ப்புப் பெறாத ஒரு பெருந்தகையை நினைவுகூர விழைகின்றோம். அவர் ஏடு எடுத்துப் படித்தவர் அல்லர். ஆயினும் இன்று நம் இல்லங்களில் விளக்கேற்றி வைத்துப் பாடம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றது. அவர்தாம் வெங்கானூர் அய்யன்காளி.

இளைஞர்களே! அய்யன்காளி கேரளத்துத் தலைவர் அல்லரோ, நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதற்கு முன்னர் நம் முன்னோர் திருவிதாங்கூர் மன்னரின் குடிகளாகவே வாழ்ந்தனர். அய்யன்காளி பிறந்த நெய்யாற்றின்கரை வட்டம், நம் விளவங்கோட்டை ஒட்டிக் கிடப்பது. அங்கே பள்ளிக்கதவை அடைத்த சட்டமும் வழக்கமும்தான் இங்கும் அடைத்தன. அங்கே அக்கதவைத் திறந்த ஆணைதான் இங்கும் திறந்தது. ஆகவே அன்னாரின் வரலாறு நம் பாட்டனார் வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

அந்நாளைய நிலை

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்றது நாஞ்சில் நாடு. அந்நெல்லை விளைவித்தவர்களின் நிலையோ சொல்லுந்தரமன்று. வயலை விற்கும்போது அதில் உழைத்த மனிதரையும் சேர்த்து விற்ற காலம் அது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைச்சுவடிகளுள் அடிமை ஆவணங்களும் உண்டு என்பதை ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தியுள்ளனர். ஆடுமாடுகளுக்கு எழுதுவதுபோல் ஆணுக்கும் பெண்ணுக்கும் விலை எழுதிய ஓலைகள் அவை.

1855ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வெளியிட்டது. தாளில் அடிமை ஒழிந்தது. வயலில் ஒழியவில்லை. பொதுச்சாலையில் நடத்தல், சந்தைக்குள் நுழைதல், தூய ஆடை உடுத்தல், முழங்காலுக்குக் கீழே துணி தொங்கவிடுதல் ஆகிய யாவும் புலையர், பறையர் முதலிய மக்களுக்கு விலக்கப்பட்டே இருந்தன. நம் பகுதியில் மயிலாடி வேதமாணிக்கம் என்னும் பெரியவரின் முயற்சியால் 1806இல் ரிங்கல்தௌபே என்னும் மிஷனரி வந்து சேர்ந்ததும், மிஷன் பள்ளிகள் வழியே நம்மவருள் சிலர் எழுத்தறிந்ததும் நீங்கள் அறிந்ததே. எனினும் குடிமக்களின் வரிப்பணத்தில் நடந்த அரசுப் பள்ளியின் வாயில், வயலில் உழைத்தவனின் பிள்ளைக்கு அடைபட்டே கிடந்தது.

பிறப்பும் இளமையும்

இத்தகைய சூழலில் 1863ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள், திருவனந்தபுரத்திற்குத் தெற்கே உள்ள வெங்கானூரில், அய்யன், மாலா என்னும் புலையர் குலத் தம்பதியர்க்கு மூத்த மகனாக அவர் பிறந்தார். காளி என்பதே இட்ட பெயர். தந்தையின் பெயரும் சேர்ந்து அய்யன்காளி ஆயிற்று. உரிய பருவத்தில் ஏடு பிடிக்க வேண்டிய கை, மண்வெட்டி பிடித்தது. 1888இல் செல்லம்மா என்னும் நங்கையை மணந்தார்.

உடல் வலிமையும் நெஞ்சுரமும் மிக்க அவர், தம் வயதொத்த இளைஞரைத் திரட்டினார். பகலெல்லாம் வயலில் உழைத்தபின் அவ்விளைஞர் கூடி ஆடினர், பாடினர், தற்காப்புக் கலையும் பயின்றனர். அடித்தால் வாங்கிக்கொள்வதே விதி என்று எண்ணியிருந்த மக்களிடையே, அடிப்பவனின் கையைப் பிடித்து நிறுத்தவும் ஆள் உண்டு என்னும் எண்ணம் அன்றுதான் முளைத்தது.

சாலையில் உருண்ட வில்வண்டி

1893ஆம் ஆண்டு. முப்பது வயது நிறைந்த அய்யன்காளி, இரு காளைகள் பூட்டிய வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்து, தலைப்பாகை தரித்து, அவ்வண்டியில் அமர்ந்து பொதுச்சாலையிலே சென்றார். இன்று இது ஒரு செய்தியாகவே தோன்றாது. அன்றோ வில்வண்டி ஏறுவது மேற்சாதிச் செல்வர்க்கே உரியது. பொதுச்சாலைகள் யாவர்க்கும் பொது என்று அரசு முன்னரே சொல்லியிருந்தும், அச்சொல்லை நம்பிச் சாலையில் கால் வைக்கத் துணிந்தவர் இலர். வழிமறித்தோரை அஞ்சாது எதிர்கொண்டு அய்யன்காளி வண்டியைச் செலுத்தினார்.

தாம் ஒருவர் வண்டியேறினால் போதாது, தம் மக்கள் அனைவரும் நடத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். 1898இல் தோழர்களோடு ஆறாலுமூட்டுச் சந்தையை நோக்கிப் பொதுச்சாலை வழியே நடந்தார். பாலராமபுரம் சாலியர் தெருவில் எதிரிகள் கூடித் தாக்கினர். இரு தரப்பிலும் குருதி சிந்திற்று. தாக்கப்பட்டோர் பின்வாங்கவில்லை என்னும் செய்தி ஊர் ஊராகப் பரவியது. மணக்காடு, கழக்கூட்டம், கணியாபுரம் முதலிய இடங்களிலும் மக்கள் சாலையில் இறங்கினர்.

அரசின் அறிவிப்பு ஓர் உரிமையைப் பிறப்பிக்கலாம். அதை வளர்த்து ஆளாக்குவது மக்களின் கடமை. சாலையில் கற்ற இப்பாடத்தையே அய்யன்காளி பின்னர்ப் பள்ளி வாயிலிலும் கைக்கொண்டார்.

பள்ளிக்கூடப் போர்

1904ஆம் ஆண்டு வாக்கில் வெங்கானூரில் தம் மக்களுக்கென ஒரு பள்ளிக்குடிலை அய்யன்காளியும் தோழர்களும் எழுப்பினர். பகைவர் அதற்குத் தீ வைத்தனர். மீண்டும் கட்டினர். ஓலைக்கூரை எரிந்தால் மறுபடி வேயலாம் என்னும் உறுதி அவர்களிடம் இருந்தது.

தனி மனிதரின் துணிவு மட்டும் போதாது, நிலைத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று உணர்ந்து, 1907ஆம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அப்பெயரை நீங்கள் ஊன்றி நோக்க வேண்டும். புலையர் சங்கம் என்று அவர் பெயரிடவில்லை. பறையர், குறவர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் அனைவரையும் சாதுஜனம் என்னும் ஒரே சொல்லில் அடக்கினார். வாரத்தில் ஆறு நாள் மட்டுமே வேலை, ஞாயிறு ஓய்வு என்பது சங்கத்தின் முதற்கட்டளைகளுள் ஒன்று. அந்த ஓய்வு நாளிலே மக்கள் கூடினர், பேசினர், தம் நிலையை ஆராய்ந்தனர். பிற்காலத்தில் சாதுஜன பரிபாலினி என்னும் இதழும் வெளிவந்தது. எழுத்தறியாதவர் தொடங்கிய இயக்கம் ஓர் இதழையே நடத்தியது என்றால் அதன் பெருமையை என்னென்பது!

அதே 1907ஆம் ஆண்டில், புலையர் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளிற் சேர்க்கலாம் என்று ஆணை பிறந்தது. ஆனால் கீழ்நிலை அலுவலர் அதனை வெளியே தெரியாமல் மறைத்தனர். ஆணையின் செய்தி அறிந்து பிள்ளைகளோடு சென்றபோது பள்ளி நடத்துவோர் இசையவில்லை. கேட்டவர்க்கு வசையும் அடியுமே கிடைத்தன.

அப்போதுதான் அய்யன்காளி, தம் மக்களிடம் இருந்த ஒரே செல்வத்தைக் கருவியாக்கினார். அது உழைப்பு. பள்ளிக்கூடம் அடைபட்டிருக்கும் வரை வயலும் அடைபட்டிருக்கும் என்பது அன்னாரின் நிலை. உழவும் நடவும் களையெடுப்பும் நின்றன. நிலவுடைமையாளர் முதலில் நகைத்தனர். பட்டினி இவர்களைப் பணிய வைக்கும் என எதிர்பார்த்தனர். பட்டினி வந்தது, பணிவு வரவில்லை. விழிஞம் கடற்கரை மீனவர், வேலை இழந்தோரைத் தம் வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு, கிடைத்த மீனில் பங்கும் அளித்தனர் என்பது இவ்வரலாற்றில் என்றும் நினைக்கத்தக்க செய்தி. நிலத்தில் உழைப்பவனின் துயரைக் கடலில் உழைப்பவன் உணர்ந்தான்.

ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது அவ்வேலைநிறுத்தம். வயல்கள் தரிசாயின. இறுதியில் அரசு தலையிட்டது. மாஜிஸ்டிரேட் கண்டலை நாகம் பிள்ளை நடுவராக அமர்ந்து உடன்பாடு கண்டார். கூலி உயர்வும், நடமாடும் உரிமையும், பள்ளிச் சேர்க்கையும் ஒப்புக்கொள்ளப்பட்டன. கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தோர் உலகில் பலர் உளர். தம் பிள்ளைகளின் எழுத்தறிவுக்காகத் தம் சோற்றை இழக்கத் துணிந்த உழவுத் தொழிலாளர், உலக வரலாற்றில் அரியர். அவர்களுள் எத்தனை தாய்மார் அடுப்பு மூட்டாத இரவுகளைக் கழித்திருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பஞ்சமி என்னும் சிறுமி

1910ஆம் ஆண்டில் திவான் இராஜகோபாலாச்சாரியின் ஆட்சிக் காலத்தில் பள்ளிச் சேர்க்கை ஆணை மீண்டும் வலியுறுத்தப்பட்டது. கல்வித்துறைத் தலைவராய் இருந்த மிச்செல் துரையும் அதற்குத் துணை நின்றார். எனினும் ஆணைக்கும் வகுப்பறைக்கும் இடையே இருந்த தூரத்தை யாரேனும் நடந்து கடக்க வேண்டியிருந்தது. அதனைக் கடந்தவள் பஞ்சமி என்னும் சிறுமி.

அவள் பூசாரி அய்யன் என்பாரின் மகள். அய்யன்காளி அவள் கையைப் பற்றி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவளைப் பலகையில் அமர்த்தினார். மற்றப் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். கலகம் மூண்டது. ஒரு சிறுமி அமர்ந்தாள் என்பதற்காகப் பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது. கொல்லம் ஆண்டு 1090இல் நிகழ்ந்தமையால் இதனைத் தொண்ணூறாம் ஆண்டுக் கலகம் என்று அப்பகுதியினர் குறிப்பிடுவர். குடிசைகள் எரிந்தன, மக்கள் வீடிழந்து ஓடினர்.

அன்று பாதி எரிந்த பலகையொன்று அப்பள்ளியில் நினைவுப்பொருளாய்ப் போற்றப்படுகின்றது. 2022ஆம் ஆண்டில் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் சூட்டியது. எந்தச் சிறுமியை உள்ளே விடலாகாது என்று கூரைக்குத் தீ வைத்தார்களோ, அந்தச் சிறுமியின் பெயரையே அப்பள்ளி இன்று தாங்கி நிற்கின்றது.

வெங்கானூர்ப் பள்ளிக்கு அரசு அனுமதி கிடைத்தபின்னும் ஆசிரியர் கிடைப்பது அரிதாயிற்று. தம்மவருள் கற்றவர் இலர். பிறரோ வர அஞ்சினர். திருவனந்தபுரத்திலிருந்து பரமேஸ்வரன் பிள்ளை என்னும் நாயர் குல ஆசிரியர் துணிந்து வந்தார். அவருக்கு இடையூறு நேராவண்ணம் அய்யன்காளியின் தோழர்கள் காவல் நின்றனர். பிற சாதியில் பிறந்தும் அறத்தின் பக்கம் நின்ற இத்தகையோரை நன்றியோடு நினைத்தல் நம் கடமை.

கழுத்திலிருந்து விழுந்த கல்மாலை

நம் கல்குளம், இரணியல் பகுதிகளில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, 1859இல் அரசின் அறிவிப்பைப் பெற்ற வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அவ்வுரிமை நடைமுறையில் புலையர், பறையர் பெண்களை எட்ட இன்னும் அரை நூற்றாண்டு கழிந்தது. மார்பை மறைக்க ஆடை கூடாது. கழுத்தில் கல்லும் மணியும் கோத்த மாலையே அணிய வேண்டும். அஃது அணிகலன் என்னும் பெயரில் பூட்டப்பட்ட அடிமைச் சின்னம்.

1915ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கோபாலதாசன் என்பார் தலைமையில் கூடிய கூட்டம் தாக்கப்பட்டது. குடிசைகள் எரிக்கப்பட்டன. அஞ்சி ஓடியோர் கொல்லத்தில் அடைக்கலம் புகுந்தனர். அய்யன்காளி அங்கு விரைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்திலே பெருங்கூட்டம் நிகழ்ந்தது. தலைமை தாங்கியவர் நாயர் சமுதாயத் தலைவர் சங்ஙனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை. ஏனைச் சாதியினரும் வீற்றிருந்த அவ்வவையிலே, அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுப் பெண்கள் தம் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். மேடையருகே அவை குவிந்து கிடந்தன. வஞ்சம் தீர்க்கும் வன்முறைக்கு வழியிருந்தும், அனைவர் முன்னிலையிலும் அமைதியாக அவ்விழிவைக் களையச் செய்தது அன்னாரின் தலைமைக்குச் சான்று.

அவையில் ஒலித்த குரல்

திருவிதாங்கூரில் 1904இல் தொடங்கப்பட்ட ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நம்மவர்க்கு இடமில்லை. 1911இல் சுபாஷிணி இதழாசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை புலையர் சார்பில் அவையிற் பேசி, அம்மக்களுள் ஒருவரையே உறுப்பினராக்குதல் தகும் எனப் பரிந்துரைத்தார். அவ்வாண்டின் இறுதியில் அய்யன்காளி நியமனம் பெற்றார். 1912 பிப்ரவரியில் தம் கன்னியுரையை ஆற்றினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வவையில் பணியாற்றினார்.

அவர் அவையில் வேண்டியவை யாவை? குடியிருக்கவும் பயிர் செய்யவும் புதுவல் நிலம், பள்ளிகளில் தடையற்ற சேர்க்கை, கட்டணச் சலுகை, உதவித்தொகை, பசித்த பிள்ளைக்கு நண்பகல் உணவு, படித்தவர்க்கு அரசு வேலை ஆகியவையே. நிலமில்லாதவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பின் மறுநாளே குடிசையை இழப்பான் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் நிலத்தையும் கல்வியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அன்னார் முயற்சியால் விளப்பில் பகுதியில் அரசு நிலம் நம்மவர்க்கு வழங்கப்பட்டது. அன்று பிரஜா சபை கூடிய திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம், 2019 முதல் அய்யன்காளி மண்டபம் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது.

பிளவும் படிப்பினையும்

உண்மை வரலாற்றில் வெற்றி மட்டும் இருத்தல் இயலாது. எல்லாச் சாதுஜனங்களுக்கும் ஒன்றாய்த் தொடங்கிய சங்கம் நாளடைவில் தளர்ந்தது. ஒவ்வொரு பிரிவினரும் தத்தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். 1921இல் பாம்பாடி ஜான் ஜோசப் சேரமர் மகாஜன சபையை நிறுவினார். பறையர் தலைவர் காவாரிகுளம் கண்டன் குமாரன் தம் மக்களுக்கெனச் சங்கம் நடத்தினார். இவர்களும் தொண்டில் சிறந்தவர்களே. இவர்களுக்கும் நியாயங்கள் உண்டு. மதம் மாறியோர் தம் குறையைச் சொல்லத் தனி மேடை தேவை என எண்ணியது இயல்பே. எனினும் பிரிந்து நின்று கேட்டபோது, ஒன்றாய் நின்று வயலைத் தரிசாக்கிய அந்த வலிமை மீண்டும் வாய்க்கவில்லை.

நாஞ்சில் நாட்டிலும் உட்பிரிவாலும் மதத்தாலும் நாம் பிரிந்தே கிடக்கின்றோம். ஒரு தெருவார் படித்தால் மறு தெருவார் பொறாமை கொள்வதும், உதவித்தொகை வழங்குங்கால் பிரிவு பார்ப்பதும் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? சாதுஜனம் என்னும் அந்தப் பொதுச்சொல்லை நாம் மறத்தலாகாது.

இறுதி விருப்பம்

நம் சுசீந்திரத்தில் 1926இல் டாக்டர் எம். ஈ. நாயுடு முதலியோர் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினர். இத்தகைய கிளர்ச்சிகளின் விளைவாக, 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவு அறிவிப்பை வெளியிட்டார். அதனைக் கொண்டாட 1937 ஜனவரியில் திருவிதாங்கூர் வந்த காந்தியடிகள், அப்பயணத்தில் குமரிமுனைக்கும் வந்தார். வெங்கானூர் சென்று அய்யன்காளியையும் கண்டார்.

எழுபத்து மூன்று வயது முதியவர் அப்போது தமக்கென எதுவும் வேண்டவில்லை. கோயில் திறந்தது குறித்து மகிழ்ந்ததோடு நிற்கவும் இல்லை. தாம் கண்மூடுமுன் தம் சமுதாயத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே அவர் வெளியிட்ட விருப்பம். பத்தே பேர்! முப்பது ஆண்டுப் போராட்டத்திற்குப் பின்னும் பத்துப் பட்டதாரிகளைக் காண்பது கனவாகவே இருந்தது என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது.

1941ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், தம் எழுபத்தேழாம் வயதில் அய்யன்காளி மறைந்தார். அதற்கு இரண்டாண்டு கழித்து, உழவூரில் ஓர் ஓலைக்குடிலில் பிறந்து நெடுந்தொலைவு நடந்தே பள்ளி சென்ற கே. ஆர். நாராயணன் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் முதன்மையாகத் தேறினார். 1997இல் அவரே இந்தியக் குடியரசுத் தலைவரானார். அண்டைக் கொச்சியில் புலையர் குலத்தில் பிறந்து பட்டம் பெற்ற தாட்சாயணி வேலாயுதன், அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து நாட்டின் சட்டத்தை வகுக்கத் துணை நின்றார். திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அய்யன்காளிக்குச் சிலை எழுப்பப்பட்டு 1980இல் பிரதமர் இந்திரா காந்தியால் திறக்கப்பட்டது. 2002இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. சிலையினும் அஞ்சல்தலையினும் அவர் உள்ளம் உவந்திருக்கக்கூடியது, பட்டம் பெற்ற பிள்ளைகளின் வரிசையே என்பது நம் துணிபு.

இளைஞர்களே!

இன்று பள்ளி வாயிலில் உங்களை மறித்து நிற்பார் இலர். ஆயினும் வறுமை மறிக்கின்றது. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கூலிக்குப் போகலாம் என்னும் எண்ணம் மறிக்கின்றது. பெண்ணுக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்னும் பேச்சு மறிக்கின்றது. இவற்றை எதிர்க்க வில்வண்டி தேவையில்லை. படிப்பை இடையில் விட்ட ஒரு பிள்ளையின் வீட்டிற்குச் சென்று, அய்யன்காளி பஞ்சமியின் கையைப் பற்றியதுபோல், அப்பிள்ளையின் கையைப் பற்றி மீண்டும் பள்ளிக்கு அழைத்துச் செல்வீர்களாயின் அதுவே போதும். பட்டம் பெற்றவர் ஒவ்வொருவரும் தமக்குப் பின்வரும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் பங்கேற்க வேண்டும். நம் சங்கத்தின் வெள்ளி விழா நமக்கு இடும் பணி இதுவே.

எழுத்தறியாத முதியவர் ஒருவர் பத்துப் பட்டதாரிகளை வேண்டி நின்றார். அவ்வேண்டுகோள் காந்தியடிகளிடம் வைக்கப்பட்டதாயினும், அதனை நிறைவேற்றும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. வீடுதோறும் ஒரு பட்டதாரி தோன்றும் நாளில்தான் அக்கடன் தீரும்.

வாழ்க அய்யன்காளி புகழ்! ஓங்குக நம் ஒற்றுமை! வளர்க கல்வி!